கூரையும் கதிரவனும்: கொட்டாஞ்சேனையின் வெப்பமும் மின்சாரமும் பற்றிய ஒரு நோக்கு

காலநிலை மாற்றம் பற்றியும் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி பற்றியும் அண்மைக் காலத்தில் நமது நாட்டில் நிறையவே பேசப்படுகின்றது. எனினும் இவ்விரண்டும் தனித்தனியே பேசப்படுவதே வழக்கமாகிவிட்டது. வெப்பம் பற்றிய செய்தி வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையாக நம்மை வந்தடைகின்றது. மின்சாரம் பற்றிய செய்தி மெகாவாற்றுக் கணக்காகவோ கட்டண மாற்றமாகவோ வருகின்றது. கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு வீட்டில் வாழும் குடும்பத்துக்கோ இவை ஒரே பிரச்சினையின் இரு முகங்களாகும். பகல் முழுவதும் வெயிலை உள்வாங்கி வீட்டைச் சுட வைப்பது கூரை. மின்சாரமாக மாறக்கூடிய அதே வெயில் பயனின்றி விழுவதும் அக்கூரை மீதுதான். அவ்வாறாயின், வெப்பத்தைச் சுமப்போர் வெயிலின் பயனை ஏன் பெற முடியவில்லை? இவ்வினாவுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இடமும் வீடும்

கொழும்புத் துறைமுகத்தின் பின்புறமாக அமைந்த கொட்டாஞ்சேனை, தலைநகரின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று. புனித லூசியா பேராலயம், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், பொன்னம்பலவாணேசுவரர் கோயில் என்பன அதன் அடையாளங்கள். துறைமுகமும் புறக்கோட்டைச் சந்தையும் தந்த தொழில் வாய்ப்பே இங்கு மக்களைக் குடியேற்றியது. கப்பல் வேலை செய்தோர், நாட்டாமைத் தொழிலாளர், மலையகத்திலிருந்து கடைச் சிப்பந்திகளாக வந்த இளைஞர், போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் எனப் பலரும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து வாழும் இடம் இது.

மக்கள் பெருகிய அளவுக்கு நிலம் பெருகவில்லை. பழைய வீடுகள் தடுப்புச் சுவர்களால் பல குடும்பங்களுக்கெனப் பிரிக்கப்பட்டன. வீட்டுப் பின்வளவுகளும் வெற்று நிலங்களும் 'தோட்டங்கள்' என வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளாயின. பெயர் தோட்டமாயினும் அங்கு மரம் காண்பது அரிது. கொழும்பு மாநகரில் இத்தகைய குடியிருப்புகள் 1,499 உள்ளன என்றும், அவற்றில் 68,812 குடும்பங்கள் வாழ்கின்றன என்றும் 2011ஆம் ஆண்டளவில் நகர அபிவிருத்தி அதிகார சபை கணக்கிட்டது. இவற்றுட் கணிசமானவை வடகொழும்பைச் சேர்ந்தவை.

பழைய வீடுகளின் அமைப்பை இங்கு நினைவுகூர்தல் தகும். உயர்ந்த ஓட்டுக்கூரை, முன் விறாந்தை, நடுமுற்றம் ஆகியன சூடான காற்று மேலெழுந்து வெளியேற இடமளித்தன. ஓடுகளின் இடைவெளிகளும் காற்றுக்கு வழிவிட்டன. இடநெருக்கடி முதலில் விழுங்கியது முற்றத்தையே. அடுத்து விறாந்தை அறையாயிற்று. உயர்ந்த ஓட்டுக்கூரையின் இடத்தைத் தாழ்ந்த தகரமும் அஸ்பெஸ்டஸ் தகடும் பிடித்துக்கொண்டன. இம்மாற்றம் மக்களின் அறியாமையால் நேர்ந்ததென்று கூறுவது பொருந்தாது. விலை குறைந்ததும் பாரம் குறைந்ததும் நான்கு கம்பங்களின் மேல் நிற்கக்கூடியதுமான கூரையையே அவர்களால் வாங்க முடிந்தது.

2. வெப்பம் வீட்டினுள் வரும் வழி

கொழும்பு நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஏப்ரல் முற்பகுதியிலும், மீண்டும் ஓகஸ்ட் இறுதி தொடங்கிச் செப்டெம்பர் முதல் வாரம் வரையிலும் நண்பகற் சூரியன் இலங்கையின் தலைக்கு நேர்மேலாக நிற்கின்றது. எனவே நண்பகலில் வெயிலை நேரே ஏற்பது சுவரன்று, கூரையே. தெளிந்த வானமுள்ள நண்பகலில் ஒரு சதுர மீற்றர் கூரைமீது ஏறத்தாழ ஒரு கிலோவாற்று வெப்பசக்தி விழுகின்றது. 200 சதுர அடி கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அது ஒரு பேர்ச் நிலத்தைவிடக் குறைந்தது. அதன் கூரைமேல் விழும் சக்தி, ஒரு கிலோவாற்று மின்னடுப்புகள் பதினெட்டை ஒருசேர எரிப்பதற்கு ஒப்பானது. இதில் ஒரு பகுதி தெறித்துப் போகின்றது. இன்னொரு பகுதியைக் காற்று கொண்டு செல்கின்றது. ஆயினும் துருவேறிக் கறுத்த தகரம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி, கீழே இருப்போரின் தலைமீது கதிர்வீசுகின்றது.

வெப்பமானியின் அளவு மட்டும் இதனை முழுமையாக உணர்த்துவதில்லை. கொழும்பில் வெப்பநிலை வட இந்திய நகரங்களைப்போல் 45 பாகைக்கு உயர்வதில்லை. ஆனால் கடலோர ஈரப்பதன் வியர்வை ஆவியாவதைத் தடுக்கின்றது. வெப்பநிலை 32 பாகை செல்சியசாகவும் சாரீரப்பதன் 70 சதவீதமாகவும் இருக்கும்போது உடல் உணரும் வெப்பம் ஏறத்தாழ 40 பாகையாகும். மார்ச் முதல் மே வரையான மாதங்களில் இந்நிலை அபூர்வமானதன்று. வீட்டில் அடுப்பெரித்து இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்கள், இதன்மேல் அடுப்பின் சூட்டையும் தாங்குகின்றனர். அவர்களின் வீடே அவர்களின் தொழிற்சாலையாதலின், வேலை முடிந்து வெப்பத்திலிருந்து விலகிச் செல்ல அவர்களுக்கு இடமில்லை.

நகரத்தின் அமைப்பும் இதில் பங்குகொள்கின்றது. கொழும்பின் வீதிகளில் மேற்கொண்ட அளவீடுகளை றொஹின்டன் இமானுவெல், எரிக் ஜொஹான்சன் ஆகிய ஆய்வாளர் 2006இல் வெளியிட்டனர். கட்டடங்களின் நிழலும் கடற்காற்றின் வரவும் பகல் வெப்பத்தைக் குறைப்பதை அவ்வாய்வு காட்டியது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகள் கடலை நோக்கித் திறந்திருப்பதை நாம் அறிவோம். கொட்டாஞ்சேனைக்கும் கடலுக்கும் இடையிலோ துறைமுகமும் அதன் பண்டசாலைகளும் உள்ளன. வசதியுள்ளோர் குளிரூட்டியைப் பொருத்துகின்றனர். அது அறையின் வெப்பத்தை எடுத்து ஒழுங்கையில் கொட்டுகின்றது. ஒருவரின் குளிர்ச்சி அடுத்தவரின் வெப்பமாகின்றது.

உலக மட்டத்தில் 2024ஆம் ஆண்டு, கணக்கெடுப்பு வரலாற்றிலேயே மிக வெப்பமான ஆண்டாகப் பதிவாகியது. கைத்தொழில் யுகத்துக்கு முற்பட்ட நிலையைவிட அவ்வாண்டின் சராசரி ஏறத்தாழ 1.55 பாகை உயர்ந்திருந்ததென உலக வளிமண்டலவியல் அமைப்பு அறிவித்தது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றிலும் குறைவு. அதிலும் தகரக் கூரையின் கீழ் வாழ்வோரின் பங்கு எவ்வளவாகும்? விளைத்தவர் ஒருபுறமிருக்க, விளைவு வேறொருவர் தலையில் இறங்குகின்றது.

3. ஒரு மின்விசிறியின் கணக்கு

இவ்வெப்பத்துக்கு எதிராக ஏழைக் குடும்பத்திடம் உள்ள ஒரே கருவி மின்விசிறி. சாதாரணக் கூரை மின்விசிறியொன்று ஏறத்தாழ 75 வாற்று மின்சாரத்தை எடுக்கின்றது. இரவில் பத்து மணிநேரம் சுழன்றால் மாதமொன்றுக்கு 22.5 அலகுகள் செலவாகின்றன. வீட்டுப் பாவனையின் மிகக் குறைந்த படி 30 அலகுகளாகும். எனவே வறியவர்க்கென வகுக்கப்பட்ட அப்படியின் முக்காற் பங்கை உறக்கத்துக்கான ஒரு மின்விசிறியே எடுத்துக்கொள்கின்றது.

2022 ஓகஸ்டுக்கு முன்னர் 30 அலகுகளுக்கான மாதக் கட்டணம் 105 ரூபாவாக இருந்தது. அம்மாதத்தில் அது 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் 1,300 ரூபாவாயிற்று. ஓராண்டுக்கும் குறைந்த காலத்தில் பன்னிரு மடங்கு உயர்வு இது. அதன் பின்னர் கட்டணம் பலமுறை ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. 2024இல் இருமுறையும் 2025 சனவரியிலும் குறைக்கப்பட்டு, 2025 யூனில் மீண்டும் 15 சதவீதம் உயர்த்தப்பட்டது. சபையின் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டியிருந்தது என்பது மெய்யே. ஆயினும் விகிதாசார அளவில் மிகப் பெரிய உயர்வு மிகக் குறைவாகப் பாவித்தோர் மீதே விழுந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டக் குடியிருப்புகளிலும் வாடகை அறைகளிலும் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே மின்மானியைப் பகிர்ந்துகொள்வது வழமை. பாவனை 60 அலகுகளைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே உயர்ந்த விலை அறவிடப்படும் முறை நடைமுறையில் இருந்து வந்துள்ளது. தனித்தனியே பார்த்தால் மூன்று குடும்பங்களும் குறைந்த பாவனையாளரே. ஒரே மானியின் கீழ் அவை வசதி படைத்த ஒரு வீடாகத் தோற்றமளிக்கின்றன. ஏழையின் பட்டியலில் செல்வந்தனின் விலை எழுதப்படுகின்றது.

4. மின்சாரம் எங்கிருந்து வருகின்றது?

கொட்டாஞ்சேனையின் வடக்கே கடலில் கலக்கும் களனி கங்கையின் ஊற்றுக்கண்கள் மலையகத்தில் உள்ளன. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர கண்ட கனவின் வழியே, அக்கங்கையின் கிளையாறுகளை மறித்து 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாகலையின் நீருக்கடியில் பழைய மஸ்கெலியா நகரம் மறைந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அந்நகரின் பழைய கோயில் வெளித்தெரிவதை மலையக மக்கள் நன்கறிவர். மலையின் கோயில் வெளித்தெரியும் காலம், தலைநகரில் மின்வெட்டு அஞ்சப்படும் காலமுமாகும். நீரைத் தந்த மலைகளில் லயன் அறைகளுக்கு நெடுங்காலம் மின்சாரம் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

1990களின் நடுப்பகுதி வரை நாட்டின் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டது நீர்வலுவிலிருந்தே வந்தது. அவ்வகையில் இலங்கை ஒருகாலத்தில் ஏறத்தாழ முழுமையாகவே மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியில் தங்கியிருந்தது எனலாம். 1996ஆம் ஆண்டின் வரட்சி அந்நிலையின் பலவீனத்தைக் காட்டியது. அதன்பின் எண்ணெயும் நிலக்கரியும் இடம்பிடித்தன. நுரைச்சோலையின் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் 2011இல் தொடங்கி 2014இல் முழுமை பெற்றது. மழையை நம்பிய நிலை மாறி, டொலரை நம்பும் நிலை வந்தது. 2022இல் டொலர் தீர்ந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. அது வெப்பம் மிகுந்த பருவம். தகரக் கூரையின் கீழ் மின்விசிறி நின்ற இரவுகளையும், அடுக்குமாடிகளில் மின்தூக்கி நின்றதால் முதியோர் படியேறிய பகல்களையும் நாம் மறந்துவிடலாகாது. மழையும் இறக்குமதியும் பொய்த்தபோது, நாள்தோறும் தவறாது வந்தது வெயில் ஒன்றே.

5. கூரை யாருக்கு உரியது?

அவ்வெயிலைப் பயன்படுத்தும் முயற்சி இலங்கையில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்ற திட்டம் அறிமுகமாகியது. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பொருத்தி, மேலதிக மின்சாரத்தை வலையமைப்புக்கு விற்க அது வழிசெய்தது. நாட்டின் கூரைகளில் பொருத்தப்பட்ட சூரியத் தகடுகளின் வலு இன்று ஆயிரம் மெகாவாற்றைத் தாண்டிவிட்டது. 2030இல் மொத்த மின்சாரத்தின் 70 சதவீதத்தை மீள்புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்து பெறுவது அரசின் இலக்காக அறிவிக்கப்பட்டுள்ளது. இது வரவேற்கத்தக்க வளர்ச்சியே.

ஆனால் இத்திட்டத்தில் நுழைய மூன்று தகைமைகள் வேண்டும்: சொந்தக் கூரை, சொந்தப் பெயரில் மின்மானி, கையில் முதல் அல்லது வங்கிக் கடனுக்கு ஈடு. தோட்டக் குடியிருப்பாளருக்கு இம்மூன்றும் இல்லை. வாடகை அறையில் இருப்பவருக்கு முதலாவது இல்லை. அடுக்குமாடியில் வீடு பெற்றவரின் தலைக்கு மேலிருப்பது அயலவரின் தளம். மேலும், மிகுதியாக மின்சாரம் பாவித்துப் பெரும் பட்டியல் கட்டியவருக்கே இம்முறையால் சேமிப்பு மிகுதி. எனவே குளிரூட்டியுள்ள வீடு சூரியத் தகட்டால் கட்டணச் சுமையிலிருந்து விடுபடுகின்றது. மின்விசிறி மட்டுமுள்ள வீடு முழுச் சுமையுடன் நிற்கின்றது. திட்டத்தை வகுத்தோருக்குத் தீய நோக்கம் இருந்ததென நாம் கூறவில்லை. சொத்துடைமையை வாயிலாகக் கொண்ட எந்தத் திட்டமும் சொத்தற்றோரை வெளியே நிறுத்தும் என்பதே நாம் கூறுவது.

இங்கு ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். இன்று சந்தையிலுள்ள சூரியத் தகட்டில் ஒரு சதுர மீற்றர் ஏறத்தாழ 200 வாற்று வலுவுடையது. கொழும்பின் வானிலையில் அது மாதமொன்றுக்கு ஏறத்தாழ 22 அலகுகளை ஆக்கும். மேலே கண்ட மின்விசிறியின் மாதத் தேவையும் அதுவே. ஒரு குடும்பத்தின் உறக்கத்துக்கு வேண்டியது ஒரு சதுர மீற்றர் வெயில்.

கணக்கு எளிது, நடைமுறை அவ்வளவு எளிதன்று. வெயில் பகலில் வருகின்றது, மின்விசிறியோ இரவில் சுழல்கின்றது. இவ்விடைவெளியை வலையமைப்பே இதுவரை தாங்கி வந்துள்ளது. அதன் எல்லை 2025இல் வெளிப்பட்டது. பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்றால் ஏற்பட்டதெனக் கூறப்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. தேவை குறைந்த விடுமுறைப் பகலில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தமையால் வலையமைப்பு தளம்பலைத் தாங்கவில்லை எனப் பொறியியலாளர் விளக்கினர். அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளைகளில் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர்கள் கேட்கப்பட்டனர். கொட்டாஞ்சேனை வெந்துகொண்டிருந்த ஏப்ரலில், நாட்டின் வெயில் மின்சாரம் மிகுதியெனத் தள்ளப்பட்டது. மின்கலச் சேமிப்பும் வலுவான வலையமைப்பும் இன்றி இம்மாற்றம் முழுமை பெறாது என்பது தெளிவு.

நீதி பற்றிய இவ்வினா தலைநகரில் மட்டும் எழுவதன்று. மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 103.5 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதி நாட்டுக்குத் தூய மின்சாரத்தைத் தருகின்றது. ஆனால் மேலும் காற்றாலைகள் நிறுவப்படுவதை எதிர்த்து 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். வெள்ளநீர் வடிதல், மீன்பிடி, வலசை வரும் பறவைகள் ஆகியன பற்றிய அச்சத்தை அவர்கள் முன்வைத்தனர். மஸ்கெலியாவில் நீருக்காக ஒரு நகரம் மூழ்கியதையும் மன்னாரில் காற்றுக்காக எழுந்த முரண்பாட்டையும் ஒருசேர நோக்கினால், சக்தி மூலம் தூய்மையானதாக இருப்பது மட்டும் நீதியை உறுதிசெய்வதில்லை என்பது புலனாகும்.

6. செய்யத்தக்கவை

முதலாவது, கூரையைக் குளிர்வித்தல். வெயிலைத் தெறிக்கச் செய்யும் வெண்பூச்சு, மின்சாரம் எதுவும் இன்றியே வீட்டின் வெப்பத்தைக் குறைக்கும். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத் நகரில் வழமைக்கு மேலாக 1,344 மரணங்கள் நிகழ்ந்தன. அதன்பின் 2013இல் அந்நகரம் தெற்காசியாவின் முதலாவது வெப்பச் செயற்றிட்டத்தை வகுத்தது. வறியோர் வீடுகளின் கூரைகளுக்கு வெண்பூச்சிடுவதும் பின்னர் அதில் சேர்ந்தது. தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக் கொள்கையொன்றைச் சட்டபூர்வ நடைமுறையாக்கியது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கொழும்பு மாநகர சபையும் இவ்வழியில் சிந்திக்கலாம். அஸ்பெஸ்டஸ் கூரைகளைச் சுரண்டாமலும் உடைக்காமலும் பூசவேண்டும் என்பதில் மிகுந்த கவனம் தேவை. அதன் நார்த்தூசு நுரையீரலுக்குக் கொடியது.

இரண்டாவது, மின்மானியைக் காணி உறுதியிலிருந்து பிரித்தல். ஒவ்வொரு குடும்பமும் தன் பாவனைக்கேற்ற விலையைச் செலுத்த, தனி மானி பெறும் உரிமை வேண்டும்.

மூன்றாவது, பொதுக்கூரை. பாடசாலை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சந்தை, அடுக்குமாடி ஆகியவற்றின் கூரைகள் பொதுச் சொத்துகளாகும். இந்திய நன்கொடையில் நாடெங்கும் 5,000 வழிபாட்டிடங்களில் சூரியத் தகடு பொருத்தும் திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. இவ்வழியில் இன்னும் ஓர் அடி செல்லவேண்டும். பொதுக்கூரையில் விளையும் மின்சாரத்தை அயலிலுள்ள குடும்பங்களின் பட்டியல்களில் பங்கிட்டு வரவுவைக்கும் முறை வகுக்கப்படுதல் வேண்டும். அடுக்குமாடிகளின் கூரைகள் எல்லா வீடுகளுக்கும் போதா. ஆனால் மின்தூக்கிக்கும் நீர்ப்பம்பிக்கும் அவை பெருமளவு உதவும். இலங்கை மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. இம்மறுசீரமைப்பின் இலாப நட்டக் கணக்கில் இத்தகைய பங்கீட்டுக்கு இடமுண்டா என்பதைப் புத்திசீவிகளும் தொழிற்சங்கங்களும் இப்போதே கேட்கவேண்டும்.

நான்காவது, நிழலும் நேரமும். ஒழுங்கை முகப்புகளில் மரங்களும் நிழற்பந்தல்களும் குடிநீரும் வேண்டும். நாட்டாமைத் தொழிலாளரின் நண்பகற் சுமைவேலை, வெப்ப எச்சரிக்கை நாள்களில் ஊதிய இழப்பின்றி மாற்றியமைக்கப்படவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குள் நண்பகலில் நுழைவோர், வெளியில் தகித்த வெயில் அங்கு தணிவதை உணர்வர். தடித்த கல்லும் உயர்ந்த மண்டபமும் தரும் அக்குளிர்ச்சி, வருவோர் யாவருக்கும் பொதுவானது. கொட்டாஞ்சேனையின் வீடுகளைக் கல்லால் கட்ட இயலாது. ஆனால் தணிவான ஓர் இரவு அங்குள்ளோர் யாவருக்கும் பொதுவாகக் கிட்டவேண்டும் என்பதைக் கொள்கையாக வகுக்க இயலும். வெயில் எல்லாக் கூரைகளின் மீதும் பேதமின்றி விழுகின்றது. அதன் பயனும் பேதமின்றிப் பகிரப்படும் நாளில்தான் சக்தி மாற்றம் சமூக மாற்றமாகவும் அமையும்.